சிமாண்டே: மறக்கப்பட்ட இசைக்குழுவொன்றின் வரலாறு

கலை வரலாறு பெரும்பாலும் வெற்றி பெற்றோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. விற்பனைப் பட்டியலில் இடம்பெறாத கலைஞர் வரலாற்றிலும் இடம்பெறுவதில்லை. 1971 ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றிய சிமாண்டே என்னும் இசைக்குழுவின் கதை இவ்வழக்கை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றது.

கயானா, ஜமேக்கா, செயின்ற் வின்சன்ற் முதலிய நாடுகளிலிருந்து பிரித்தானியாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்தோரே இக்குழுவினர். கிற்றார் கலைஞர் பற்றிக் பற்றர்சனும் பாஸ் கிற்றார் கலைஞர் ஸ்ரீவ் ஸ்கிப்பியோவும் இதனை நிறுவினர். புறாவைக் குறிக்கும் கலிப்சோச் சொல்லொன்றிலிருந்து குழுவின் பெயர் பிறந்தது. ரஸ்தபாரியரின் முரசொலி, கலிப்சோ, ஜாஸ், ஃபங்க் ஆகியவற்றின் இணைப்பான தம் இசையை அவர்கள் 'நையா ரொக்' என அழைத்தனர்.

ஜோன் ஷ்ரோடரின் தயாரிப்பில் 1972 க்கும் 1974 க்கும் இடையில் மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. 'த மெசேஜ்' என்னும் பாடல் ஐக்கிய அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கு அல் கிறீனுடன் சுற்றுப்பயணம் செய்த இக்குழு, ஹார்லெமின் அப்பல்லோ அரங்கிலும் இசைத்தது. ஆயினும், தாயகம் திரும்பியோருக்குக் கிடைத்தது அலட்சியமே. கறுப்பின இசையை அமெரிக்க இறக்குமதியாகவே நோக்கிய பிரித்தானிய இசைத்துறை, தன் வீதிகளிலேயே பிறந்த இசையை இனங்காணத் தவறியது எனலாம். எழுபதுகளின் நடுப்பகுதியில் குழு கலைந்தது. நிறுவுநர் இருவரும் சட்டத்தரணிகளாயினர்.

எனினும், இசைத்தட்டுகள் மௌனிக்கவில்லை. 'பிறா' என்னும் பாடலின் இடையே குரல் ஓய, பாஸ் கிற்றாரும் தாளமும் மட்டும் தொடரும் பகுதியொன்றுண்டு. நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியில் இசைத்தட்டு இயக்குநர்கள் ஒரே தட்டின் இரு பிரதிகளை மாறிமாறிச் சுழலவிட்டு, அப்பகுதியை நீட்டி ஆடற்களம் அமைத்தனர். ஹிப் ஹொப் இசை இவ்வாறான முயற்சிகளிலேயே முளைவிட்டது. பின்னர், 1989 இல் டி லா சோல் குழுவும், 1996 இல் பியூஜீஸ் குழுவும் சிமாண்டேயின் ஒலிகளைத் தம் பாடல்களில் எடுத்தாண்டன. 1994 இல் ஸ்பைக் லீயின் 'குறூக்லின்' திரைப்படத்திலும் 'பிறா' ஒலித்தது. மீள இணைந்த குழுவினர் 2015 இலும் 2025 இலும் புதிய இசைத்தொகுப்புகளை வெளியிட்டனர்.

'காலத்தை முந்திய கலைஞர்' எனக் கூறி இவ்வரலாற்றை முடித்துவிடுதல் எளிது. அவ்வாறு கூறுதல் புறக்கணித்தோரின் பொறுப்பை மறைப்பதாகும். புறொங்ஸ் இளைஞர் அவ்விசையை அதே தசாப்தத்திலேயே விளங்கிக்கொண்டனர். முந்தியது இசையன்று, பிந்தியது, அதனை மதிப்பிடும் அதிகாரம் பெற்றிருந்தோரின் செவியே.