அம்பலம் ஏறாத சொல்

மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்குப் போகும் சாலையில் நாகமலையைக் கடந்தால் செக்கானூரணி, கருமாத்தூர் என்று ஊர்கள் வரிசையாக வரும். வானம் பார்த்த புன்செய்களுக்கு நடுவே அமைந்த இவ்வூர்களின் பழங்குடிகள் பிறமலைக் கள்ளர். தம் நிலத்தை 8 நாடு, 24 உபகிராமம் என்று வகுத்துக்கொண்டு, நாட்டுக் கூட்டத்தில் வழக்குத் தீர்த்து வாழ்ந்த இச்சமூகத்தாரின் ஜீவனத்தில் காவல் ஒரு பிரதான அங்கம். ஊரின் ஆடுமாடுகளுக்கும் களத்து நெல்லுக்கும் காவற்காரர் பொறுப்பேற்பார். அறுவடையில் அவருக்குத் தானியம் அளக்கப்படும். பொருள் களவு போனால் மீட்டுத் தரவோ ஈடு கொடுக்கவோ அவர் கடமைப்பட்டவர். களவுபோன மாட்டை மீட்டுக் கொடுப்பதற்கு வாங்கிய துப்புக்கூலியும், காவற்காரர் இல்லாத ஊரில் மாடுகள் காணாமற்போன விந்தையும் இம்முறையின் மறுபக்கம். 1890-களில் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் திரண்டெழுந்து கள்ளர் காவலை நீக்க முற்பட்டதற்கு அதுவே காரணம் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஆனால் ஒரு வழக்கம் கெட்டுப்போவதற்கும் ஒரு ஜனசமூகம் முழுவதும் கெட்டது என்று சட்டம் எழுதுவதற்கும் உள்ள தூரம் பெரிது. 1871-இல் வட இந்தியாவை முன்னிட்டு இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தி விரிக்கப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. சமணர் மலையடியில் உள்ள கீழக்குயில்குடியின் கள்ளர்கள் 1914-இல் அதன்கீழ் அறிவிக்கப்பட்டனர். சில ஆண்டுகளுக்குள் பிறமலைக் கள்ளர் அனைவர்மீதும் அது கவிந்தது. பத்து விரல்களின் ரேகையையும் பதிவேட்டில் வைத்தாக வேண்டும். அயலூர் போகச் சீட்டு வேண்டும். ஆண்மக்கள் பலர் மனைவி மக்களை வீட்டில் விட்டுவிட்டு, இரவுகளைப் போலீஸ் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ கழிக்க வேண்டும். மக்கள் இதற்கு இட்ட பெயர் ரேகைச் சட்டம்.

இச்சட்டத்தின் கொடுமை இவற்றோடு முடியவில்லை. ஒரு சமூகத்தாரைக் குற்றப் பரம்பரையினர் என்று சர்க்கார் பிரகடனம் செய்துவிட்டால், அந்தப் பிரகடனம் சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்கலாகாது என்று அதிலேயே ஒரு விதி இருந்தது. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்று நம்மவர் பழமொழியாகச் சொன்னதைச் சட்டமே விதியாக எழுதிவிட்டது. இந்நிலையில் வக்கீலுக்கு என்ன வேலை இருக்கிறது? தனித்தனி வழக்குகளில் ஆஜராகலாம். மூலத்தை அசைக்க முடியாது. மூலத்தை அசைக்க வேண்டுமானால் விண்ணப்பத்துக்கும் பத்திரிகைக்கும் பொதுமேடைக்கும் போகவேண்டும். பொதுநல வழக்கு என்ற சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, அதன் காரியம் மதுரையில் இவ்விதம் நிர்ப்பந்தத்தால் தொடங்கியது.

அக்காரியத்தில் இறங்கியவர்களுள் முதன்மையாக நினைக்கத்தக்கவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்துச் செங்கன்னூரில் 1887-இல் பிறந்து, எடின்பரோவில் தத்துவமும் லண்டனில் சட்டமும் கற்று, மதுரைக்கு வந்து தொழில் நடத்திய அவருக்கு, கள்ளநாட்டோடு சாதியாலோ மதத்தாலோ மொழியாலோ யாதொரு பந்தமும் கிடையாது. அவர்களுக்காகக் கச்சேரிகளில் வாதாடினார். இச்சட்டம் அநீதியானது என்று எழுதியும் பேசியும் வந்தார். மதுரை ஹார்வி மில் தொழிலாளருக்குச் சங்கம் அமைக்க 1918-இல் முன்னின்றவரும் அவரே. ஜோசப் என்ற பெயர் கிராமத்தார் நாவில் ‘ரோசாப்பூ’ என்று மலர்ந்தது; அவர் ரோசாப்பூ துரையானார்.

1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, ரேகை பதிவதற்காகப் போலீஸ் படை கள்ளநாட்டுக் கிராமமான பெருங்காமநல்லூருக்குள் நுழைந்தது. ஊரார் திரண்டு மறுத்தனர், படை சுட்டது, ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டனர். பிடிபட்டோரைச் சங்கிலியால் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்திக் கொண்டுபோனார்கள் என்று அவ்வட்டாரத்தார் இன்றும் சொல்வர். அதன்பின் சர்க்கார் ஒரு கையில் ரேகை மையையும் மறு கையில் சிலேட்டுப் பலகையையும் ஏந்திற்று: கள்ளர் சீரமைப்பு என்ற பெயரால் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் வந்தன. அப்பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் பல தலைமுறையினருக்கு எழுத்தறிவித்த உபகாரத்தை மறுக்க இயலாது. பதிவேடும் அதே காலத்தில் நிறைந்துகொண்டிருந்தது என்பதையும் மறக்க இயலாது.

1929-இல் இராமநாதபுரச் சீமையின் ஆப்பநாட்டு மறவர்மீதும் சட்டம் பாய்ந்தபோது, முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகச் சென்று எதிர்ப்பைத் திரட்டினார். வக்கீலின் மேசையில் விண்ணப்பமாகத் தொடங்கியது இப்போது வெகுஜன இயக்கமாயிற்று. ஓமந்தூரார் மந்திரிசபையின் காலத்தில், 1947-இல், சென்னை மாகாணம் சட்டத்தை ரத்து செய்தது. இந்திய தேசம் முழுவதிலும் அது 1952-இல் ஒழிந்தது. குற்றப் பரம்பரையினர் என்ற பெயர் போய்ச் சீர்மரபினர் என்ற பெயர் வந்தது. எனினும் 1948-இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் வேறொரு சட்டம் இம்மாகாணத்தில் பிறந்துவிட்டது. தம்மைச் சீர்மரபினப் பழங்குடியினர் என்றே குறிக்கவேண்டும் என்ற கோரிக்கை, மத்திய அரசின் திட்டங்களைப் பொறுத்தமட்டில் 2019-இல்தான் தமிழ்நாட்டில் ஏற்கப்பட்டது. பெயரை மாற்றப் பேனா போதும். அப்பெயர் பறித்துக்கொண்டதைத் திருப்பித் தர எத்தனையோ விண்ணப்பங்கள் வேண்டியிருக்கின்றன.

ஜார்ஜ் ஜோசப் இந்த முடிவுகளில் ஒன்றையும் காணவில்லை. 1938 மார்ச் 5-ஆம் தேதி மதுரையில் காலமானார். சட்டம் ஒழியுமுன் மறைந்த அந்த வக்கீலின் கல்லறைக்கு, அவர் நினைவு நாளில் கள்ளநாட்டார் மாலையோடு வருகின்றனர். அந்நாட்டில் ரோசாப்பூ என்று பிள்ளைகளுக்குப் பெயரிட்டு வழங்கியதும் உண்டு. பிறந்த குழந்தையைப் பிறப்பினாலேயே குற்றவாளி என்று எழுதிவைத்த ஏட்டைத் திருத்த எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லாத காலத்தில், அம்மக்கள் தம் பிள்ளைக்குத் தாமே வேறொரு பெயரை எழுதிக்கொண்டனர். அது தங்கள் சொல்லை அம்பலம் ஏற்ற முயன்றவரின் பெயர்.