மருந்தின் ஆயுளும் மிச்சமும்

மருந்துக்கும் ஆயுள் உண்டு என்ற கணக்கு, காலாவதித் தேதி அச்சிட்ட அட்டைகள் வருவதற்கு முன்பே தமிழ் மருத்துவ மரபில் நிலைபெற்றிருந்தது. சித்த மருத்துவம் உள்மருந்துகளை 32 வகையாகப் பகுத்து, ஒவ்வொன்றின் வீரியமும் நிற்கும் காலத்தைச் சொல்கிறது: சாறு, குடிநீர் எனப்படும் கஷாயம், பச்சை மருந்தை அரைத்த விழுதாகிய கற்கம் ஆகியவற்றுக்கு ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம், பொடியாகிய சூரணத்துக்கு 3 மாதம், புடமிட்ட செந்நிறப் பொடியாகிய செந்தூரத்துக்கு 75 ஆண்டு, நீற்றிய வெண்பொடியாகிய பற்பத்துக்கு 100 ஆண்டு. குடிநீர் ஒரு சாமமே நிற்கும் என்பதால் வேளைக்கு வேண்டிய அளவே காய்ச்சப்பட்டது. வடித்த சக்கை எருக்குழியில் மட்கி மண்ணாயிற்று. இதனை முன்னோரின் சுற்றுச்சூழல் அறிவு என்று வியப்பதைவிட, மிச்சம் உண்டாகாத செய்முறை எனக் கொள்வதே பொருந்தும். ஆனால் பாதரசம் சேர்ந்த செந்தூரங்கள் எருக்குழிக்கு உரியவை அல்ல.

மிச்சம் என்பது ஆலை மருந்தோடு வந்தது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டமும் 1945-ஆம் ஆண்டின் விதிகளும் மருந்தின் தரத்தையும் ஆயுளையும் வரையறுத்தனவேயன்றி, பத்து மாத்திரை கொண்ட அட்டையில் நான்கை உட்கொண்டதும் காய்ச்சல் தணிந்துவிட்டால், வீட்டு மாடக்குழியில் தங்கிவிடும் மீதி ஆறும் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் விலையைத் தமிழ்நாடு 2010-இல் கண்டது: சென்னை கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் கொட்டப்பட்ட காலாவதி மருந்துகள் பொறுக்கி எடுக்கப்பட்டு, தேதி மாற்றிய புதிய சீட்டுகளுடன் மீண்டும் விற்பனைக்குச் சென்றது அம்பலமாயிற்று. தூக்கி எறிவது அகற்றுவது ஆகாது என்பதை இதைவிடக் கொடுமையாக எந்த நிகழ்ச்சியும் காட்டியிருக்க முடியாது.

2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகள், மருத்துவமனைகளின் காலாவதி மருந்தை மஞ்சள் பையிலிட்டு, தயாரிப்பாளருக்குத் திருப்பியனுப்பவோ உயர்வெப்ப உலையில் எரிக்கவோ பணித்தன. புற்றுநோய்க்குத் தரப்படும் உயிரணுக்கொல்லி மருந்துகளுக்கு 1200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டிலுள்ள காலாவதி மருந்தை ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று பெயரிட்டுத் தனியே பிரிக்கச் சொன்னாலும், அவை பெரும்பாலும் நகர உள்ளாட்சிகளையும் நகர்த்தன்மை பெற்ற ஊர்களையுமே நோக்கி எழுதப்பட்டவை. செஞ்சிக் கோட்டை வட்டாரத்து அவலூர்பேட்டை போன்ற சந்தையூர்களின் இடர் இங்கேதான் இருந்தது: ‘பேட்டை’ என்னும் சொல்லே வணிகர் கூடிச் சரக்கு இறக்கும் இடத்தைக் குறிப்பது; சுற்றுக் கிராமங்களுக்கு மருந்து சென்று சேரும் வழி இத்தகைய ஊர்களில் இருக்க, அது திரும்பி வரும் வழி வகுக்கப்படவில்லை. ஏரிப்பாசன மண்ணில் குப்பைமேட்டு மாத்திரை மழையில் கரைந்தால், அந்த நீர் சேருமிடம் ஏரியும் கிணறுமே.

அத்தகைய திரும்பும் வழி அண்டை மாநிலத்தில் வகுக்கப்பட்டது: 2025-இல் கேரள அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, வீடுகளில் எஞ்சும் மருந்தைத் திரட்டி எரியுலைக்கு அனுப்பும் ‘என்பிரவுட்’ திட்டத்தைத் தொடங்கியபோது, முன்னோட்டத்துக்குக் கோழிக்கோடு மாநகராட்சியோடு உள்ளியேரி என்னும் கிராம ஊராட்சியையும் தேர்ந்துகொண்டது.