அளத்தில் அசையும் உடல்: ஓய்வு, பயிற்சி, உழைப்பு

நோயாளி அசையலாமா, படுத்தே கிடக்க வேண்டுமா என்பது மருத்துவர் தீர்த்துவைக்கும் கேள்வியாகத்தான் நமக்குத் தெரிகிறது. ஆனால் ஓய்வு என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் கூலியும் நிலமும் சட்டமும் கலந்துகிடக்கின்றன. தாயுமானவர் மரபில் சும்மா இருத்தல் ஞானத்தின் உச்சநிலை. பழைய தென்னாற்காட்டுக் கடற்கரை ஊர்களில் 'சும்மா குந்தினு இருக்கான்' என்றால் அது வசவு. நாள்பட்ட குடல் நோய் கண்ட உழைப்பாளி மாட்டிக்கொள்வது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

குடல் அழற்சி நோய் என்ற பெயருக்குள் முக்கியமாக இரண்டு நோய்கள் அடக்கம். பெருங்குடல் புண்ணாகி இரத்தமும் சளியுமாகப் போவது ஒன்று. குடலின் எந்த இடத்தையும் பற்றி, அதன் சுவரையே ஊடுருவிச் சுருக்கிவிடும் க்ரோன் நோய் மற்றது. 1932இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தப் பெயர் வந்தது. அகரவரிசையில் க்ரோன் முதலில் நின்றார், அவ்வளவுதான். கிளாஸ்கோவின் டால்ஸீல் 1913லேயே இதே மாதிரிக் குடல்களை விவரித்திருந்தார். நோய் அடங்குவதும் கிளம்புவதுமாக ஆயுள் முழுக்கக் கூடவே வரும். மூட்டு வலி, இரத்தசோகை, தீராத அசதி இதன் பரிவாரம். நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தால் எலும்பும் மெலியும். அதனால்தான் நோய் அடங்கியிருக்கும் காலத்தில் நடக்கச் சொல்கிறார்கள். 1999இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், உட்கார்ந்த வாழ்க்கை வாழ்ந்த க்ரோன் நோயாளிகள் பன்னிரண்டு வாரம் மிதமாக நடந்தார்கள். நோய் முற்றவில்லை, வாழ்க்கை கொஞ்சம் இலேசாயிற்று.

இந்த அறிவுரை யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? நாற்காலியில் அமர்ந்திருக்கும் உடலைப் பார்த்து. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்களுக்கு மரக்காணத்தில் வெள்ளைக் குவியல்கள் தெரியும். விடியுமுன்னே பாத்தியில் இறங்கி, பலகையால் உப்பை வாரி, கூடையில் சுமந்து அந்தக் குவியலை எழுப்பியவரிடம் போய் 'தினமும் அரை மணி நேரம் நடங்க' என்று சொன்னால் அவர் சிரிப்பார். அவர் உடல் அசையாமல் இருந்ததே கிடையாது.

ஐரோப்பிய மருத்துவத்தில் நீண்ட நோய்க்குப் படுக்கையே மருந்து என்ற எண்ணம் காசநோய் சானடோரியங்களில்தான் நிறுவனமானது. அங்கேயே அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியத்தில் 1905 முதல் மார்க்கஸ் பாட்டர்சன் படிப்படியான உழைப்பு என்ற முறையை நடத்தினார். முதலில் நடை, பிறகு கூடையில் மண் சுமப்பது, பிறகு மண்வெட்டி. காய்ச்சல் ஏறினால் வேலை நிறுத்தம். தொழிலாளியின் கருவிகளே சிகிச்சைக் கருவிகளாயின. உப்பளத்துக் கூடைக்கும் ஃப்ரிம்லிக் கூடைக்கும் எடையில் பெரிய பேதம் இருந்திருக்காது. பேதம் வேறிடத்தில் இருக்கிறது: ஃப்ரிம்லியில் 'இன்னைக்கு வேணாம், படு' என்று சொல்ல ஒரு வெப்பமானி இருந்தது. இங்கிலாந்தில் சானடோரியம் நடத்தித் திரும்பிய டேவிட் சவுரி முத்து 1928இல் தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். 1937இல் அதை அரசு எடுத்துக்கொண்டது. அங்கே படுக்கைகள் எண்ணிக்கையில் அடங்கியவை, நோயாளிகள் அடங்காதவர்கள்.

இந்தச் சிக்கலிலிருந்துதான் ஓய்வின் வரலாற்றையே திருப்பிப்போட்ட சோதனை வந்தது. அது நடந்தது நம் சென்னையில் என்பதை நம் அறிவுலகம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையத்தை அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேர் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. ஒரு பாதி சானடோரியத்தில்: நல்ல சாப்பாடு, படுக்கை, கவனிப்பு. மறுபாதி வீட்டில்: நெரிசல், அரைவயிறு, வேலைக்கும் போனார்கள். 1959இல் முடிவு வெளியானது. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தபோதும் பெரிய வேறுபாடு எழவில்லை. படுக்கை தேவையில்லை, மருந்து போதும் என்று ஆயிற்று. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு.

இது ஏழைகளுக்குக் கிடைத்த விடுதலைதான், சந்தேகமில்லை. குடும்பத்தைவிட்டு ஓராண்டு போய்ப் படுக்க வேண்டாம். அதே சமயம் இந்தப் பிரதிக்குள் இன்னொரு குரலும் ஒலிக்கிறது: பட்டினியோடும் வேலையோடும் குணமாகலாம் என்றால் சோறும் ஓய்வும் அரசின் பொறுப்பில் இல்லை என்றும் அதை வாசிக்கலாம். ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஓய்வு ஒரு உரிமையாக இங்கே வளராமல் போனதை விளக்கும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

காசநோய்க் கதை குடல் அழற்சிக்கு எதற்கு? நம் நாட்டில் நாள்பட்ட வயிற்றுப்போக்கும் எடைக்குறைவுமாக வருபவர் மீது முதலில் விழும் சந்தேகம் குடல் காசம். க்ரோனும் குடல் காசமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். திசுச் சோதனையிலும் பலமுறை பிடிபடாது. காசநோய் மருந்தைச் சில மாதம் கொடுத்துப் பார்ப்பதே வழக்கமாக இருந்துவருகிறது. ஆக, க்ரோன் நோயாளி பலர் தம் நோய்க்குப் போகும் முன் காசத்தின் வரலாற்றைக் கடந்துதான் போகிறார்கள். இது மேற்கத்தியர் வியாதி, இங்கே அபூர்வம் என்ற நம்பிக்கையும் நெடுங்காலம் இருந்தது. லூதியானாவில் அஜித் சூத் குழுவினர் வீடுவீடாகப் போய்க் கணக்கெடுத்து 2003இல் வெளியிட்டபோது, பெருங்குடல் புண் நோய் மட்டுமே லட்சத்துக்கு 44 பேருக்கு இருந்தது.

1990இல் சோனன்பர்க் ஜெர்மானியத் தொழிலாளர் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். திறந்தவெளியில் உடல் உழைப்புச் செய்யும் கொத்தனார், சாலைப் பணியாளர் ஆகியோரிடம் குடல் அழற்சி குறைவு; செயற்கைச் சூழலிலும் ஷிப்டிலும் வேலை செய்வோரிடம் அதிகம். உழைப்பு காக்கிறது என்று இதை வாசிக்கலாம். ஆனால் வயிறு கெட்டவர் கொத்தனாராக நீடிக்க முடியாது என்றும் வாசிக்கலாம். பாதியில் விலகியவர் அந்தத் தொழிலின் பேரேட்டில் இருக்கமாட்டார். ஜெர்மனியிலாவது ஒரு பேரேடு இருந்தது.

மரக்காணத்தில் எது இருந்தது? 1805இல் சென்னை மாகாணத்தில் கம்பெனி உப்பை ஏகபோகமாக்கியது. பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற இடம் இந்தப் பகுதிதான். உப்பு படகேறியது அதில். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். 1947இல் உப்பு வரி ஒழிந்தது. வரியின் வரலாறு, நடையின் வரலாறு எல்லாம் எழுதப்பட்டுவிட்டன. பாத்தியைக் காலால் மிதித்து இறுக்கியவர்களின் உடல் அந்த வரலாறுகளில் இல்லை. 1961இல் உச்சநீதிமன்றம் பம்பாய் வடாலாவின் உப்பளம் ஒன்றைப் பற்றிய வழக்கில், கூரையில்லாத உப்பளமும் தொழிற்சாலையே என்று தீர்ப்பளித்தது. தொழிற்சாலை என்றால் அன்றைய 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடிநீரும் கழிப்பறையும் கட்டாயமாக இருந்தன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழக உப்பளங்கள் ஏழில் 352 பேரை ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் வரம்பு மீறிய வெப்பத்தில் உழைத்தார்கள். 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடமில்லை, அதனால் குடிப்பதைக் குறைப்பது என்பது இப்படிப்பட்ட வேலைகளில், முக்கியமாகப் பெண்களிடம், பழகிப்போன ஏற்பாடு.

குடல் அழற்சி கண்டவருக்கு இது இரட்டைச் சேதம். வியர்வையில் போவதும் உப்புத்தண்ணீர்தான், கழிச்சலில் போவதும் அதுதான். 1971இல் வங்காள எல்லை அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரால் காலராச் சாவைக் கிட்டத்தட்ட முப்பது விழுக்காட்டிலிருந்து நான்குக்கும் கீழே இறக்கினார். மூட்டை மூட்டையாக உப்பு வாரும் இடத்தில் ஒருவர் உப்புக் குறைந்து மயங்கி விழுவது உவமையில்லை, உடலியல்.

எனவே பயிற்சியும் உழைப்பும் ஒரே அசைவின் இரு பெயர்கள் என்று நாம் ஏமாறக் கூடாது. பயிற்சியின் அளவு அசைபவர் கையில் இருக்கிறது. முடியலியா, நிறுத்திக்கலாம்; நிழலில் உட்காரலாம்; கழிப்பறை இருக்கும் வழியாகப் பார்த்து நடக்கலாம். உழைப்பின் அளவு கூலி கொடுப்பவர் கையில். மரக்காணத்தில் மழைக்காலத்தில் பாத்திகள் நீரில் மூழ்கும்போதுதான் உடல் கொஞ்சம் தன் கைக்கு வருகிறது. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வேலையில்லா அந்த மாதங்களுக்காக 5,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் அது நிலத்தின் ஓய்வுக்கான காசு. நோய் கிளம்புவது மேயில் என்றால் அதற்குப் பொருந்தாது. 1948இன் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் நோய்க்கால ஊதியத்தைக் கொண்டுவந்தபோதும் பருவகாலத் தொழிற்சாலைகளை வெளியே நிறுத்தியது.

மருத்துவமனை அட்டையிலும் இது பதிவாகிறது. பெருங்குடல் புண்ணின் கடுமையை அளக்க ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 1955இல் வகுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: இரத்தத்தோடு ஒரு நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ போவது அதன் முதல் படி. 'எத்தனை தடவை போவுது?' என்று மருத்துவர் கேட்கிறார். காலையில் ஒன்றும் தின்னாமல், தண்ணீரும் குடிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு மதியம் வரை பாத்தியில் நின்ற ஒரு பெண் 'மூணு, நாலு தடவ' என்றுதான் சொல்ல முடியும். அட்டையில் நடுத்தரம் என்று விழும். நடுத்தரம் என்றால் வேலைக்குப் போகலாம்.