மலிந்த தேயிலையும் மறுத்த குடிகளும்

பாஸ்டன் துறைமுகத்துத் தேயிலையின் கதையைப் பள்ளி நாள்களில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். வரிச்சுமை தாங்காத மக்கள் பொங்கியெழுந்து தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தனர் என்பதே நம் நெஞ்சில் தங்கிய செய்தி. ஆயினும் அந்நாளைய நிகழ்ச்சிகளைச் சற்று ஊன்றி நோக்கின் ஒரு வியப்புத் தோன்றும். கடலுக்கு இரையானது விலையேறிய தேயிலையன்று. விலை குறைந்த தேயிலை. மலிவாய் வந்த பண்டத்தை ஒரு மக்கட்கூட்டம் ஏன் வேண்டாமென்றது?

1756 முதல் 1763 வரை பிரெஞ்சுக்காரரோடு நடந்த பெரும்போரில் இங்கிலாந்து வென்றது. வென்ற கையோடு கடனிலும் மூழ்கியது. அந்நாட்டின் கடன் ஏறத்தாழ இருமடங்காயிற்று. வட அமெரிக்கக் குடியேற்றங்களைக் காக்கவும் செலவிட்டோம், அவர்களும் பங்கு தரட்டும் என்று இலண்டன் அமைச்சர்கள் கருதியது முற்றிலும் முறையற்றது என நாம் சொல்ல மாட்டோம். தவறு வேறிடத்தில் இருந்தது. அக்குடியேற்றங்கள் நெடுங்காலமாகத் தத்தம் பேரவைகளைக் கூட்டித் தாமே வரி விதித்துக்கொண்டு வந்தவை. இலண்டன் பாராளுமன்றத்தில் அவற்றுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை.

1765-இல் வந்த முத்திரைச் சட்டம் பத்திரம், செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு என யாவற்றிலும் கட்டண முத்திரை வேண்டுமென்றது. வழக்கறிஞரையும் அச்சகத்தாரையும் ஒருசேரப் பகைத்துக்கொள்ள இதனினும் சிறந்த வழி இராது! எழுதவும் பேசவும் வல்லவர் இவ்விரு சாராருமே. அவ்வாண்டு ஆகஸ்டில் முத்திரை விற்க அமர்த்தப்பட்டவரின் உருவப் பொம்மையைப் பாஸ்டனில் மரத்தில் தொங்கவிட்டனர். அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினர். 1766 மார்ச்சில் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால், எப்பொருளிலும் அவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் செய்யத் தனக்கு உரிமை உண்டென்ற அறிவிப்பையும் பாராளுமன்றம் உடனே நிறைவேற்றிக்கொண்டது. புண் ஆறிற்று, முள் உள்ளேயே நின்றது.

1767-இல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றின்மீது புதிய தீர்வை வந்தது. ஆங்கிலச் சரக்கை வாங்குவதில்லை என வணிகர் உறுதி பூண்டனர். பெண்டிர் இராட்டையில் நூல் நூற்று நாட்டுத்துணி உடுத்தனர். கதரின் கதையை அறிந்த நமக்கு இது புதிதாய்த் தோன்றாது. 1770 மார்ச் 5 அன்று பாஸ்டன் தெருவில் படைவீரர் சுட்டதில் ஐவர் மாண்டனர். அவ்வாண்டிலேயே மற்றத் தீர்வைகள் எடுபட்டன. தேயிலைமீது மட்டும் இராத்தலுக்கு 3 பென்ஸ் நின்றது. அது வருவாய்க்காக வைத்ததன்று, உரிமையைக் காட்ட வைத்தது.

இங்கேதான் நம் நாட்டின் நிழல் இக்கதையில் விழுகிறது. அத்தேயிலையை விற்றது கிழக்கிந்தியக் கம்பெனி. தேயிலை சீனத்தது, ஆனால் கம்பெனியின் செல்வமும் சீரழிவும் வங்காளத்தில் விளைந்தவை. 1765-இல் வங்காளத்தின் நிலவரி வசூல் அதன் கைக்கு வந்தது. 1770-ஆம் ஆண்டின் கொடும்பஞ்சத்தில் மக்கள் எண்ணிலடங்காது மடிந்தபோதும் வசூல் தளரவில்லை. அவ்வளவு திரட்டியும் 1772-இல் கம்பெனி கடனுக்குக் கையேந்தி நின்றது. இலண்டன் கிடங்குகளில் விலைபோகாத தேயிலை மலையெனக் கிடந்தது. அதைத் தள்ளிவிட எழுந்ததே 1773-ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம். இங்கிலாந்தில் கட்டிய தீர்வை கம்பெனிக்குத் திரும்பும். தான் தேர்ந்த முகவர் வழியே அது நேரே விற்கலாம். அமெரிக்கத் தீர்வை 3 பென்ஸ் மட்டும் நீடிக்கும். கள்ளத்தனமாய் வந்த டச்சுத் தேயிலையையும் தோற்கடிக்கும் விலை! கள்ளச்சரக்கு வணிகரின் ஆதாயமும் கிளர்ச்சிக்குப் பின்னே இருந்தது. அதை மறைத்தல் வரலாறாகாது. ஆயினும் பிலடெல்பியாவின் ஜான் டிக்கின்சன் அவ்வாண்டு எழுதிய மடல், வங்காளத்தைப் பட்டினியில் மாளவிட்ட கம்பெனி அடுத்து நம்மிடம் வருகிறது என்றே எச்சரித்தது.

டிசம்பர் 16 இரவு, மோகாக் பழங்குடியினரைப்போல வேடம் புனைந்தோர் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினர். வேறு பொருளைத் தொடவில்லை. உடைந்த பூட்டொன்றுக்குப் புதுப்பூட்டும் கொடுத்தனர் என்பர். அதன்பின் தேநீரை விடுத்துக் காப்பி அருந்துவது நாட்டுப்பற்றாயிற்று. எந்த ஊருக்குப் பெயர்ந்தாலும் காப்பியைக் கைவிடாத நம்மவர்க்கு இஃது இனிக்கும்!

1774-இல் பாஸ்டன் துறைமுகத்தை மூடி ஆங்கில அரசு தண்டித்தது. ஓரூரின் துன்பம் எல்லார் துன்பமுமாயிற்று. பிலடெல்பியாவில் பேராயம் கூடியது. 1775 ஏப்ரலில் துப்பாக்கிகள் முழங்கின; 1776 ஜூலை 4-இல் வெளியான விடுதலை அறிக்கை, இசைவின்றி வரி விதித்ததையும் மன்னர்மீதான குற்றங்களுள் ஒன்றாக்கியது. அவ்விடுதலையில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களுக்குப் பங்கில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

அப்போரின்போதே இங்குக் கருநாடகத்தில் ஹைதர் அலி கம்பெனிப் படையை நடுங்கவைத்துக் கொண்டிருந்தார். 1782-இல் பென்சில்வேனியர் ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயரையே சூட்டினர். அதற்கு முந்தைய ஆண்டு யார்க்டவுனில் தோற்ற காரன்வாலிஸ், உடல்நலமில்லை என்று கூறித் தம் வாளை ஒப்படைக்கத் துணைத்தலைவரை அனுப்பினார். அவரே 1786-இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். 1793-இல் வங்காளத்தின் நிலவரியை என்றென்றைக்குமாக வரையறுத்தார். அதற்கு உழவரின் இசைவை எவரும் கேட்கவில்லை.