புயல் கூண்டுக்கு முன் ஆலா



தூத்துக்குடி துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் இன்று உடனே செய்தி வந்துவிடுகிறது. நம் நாட்டில் துறைமுகப் புயல் எச்சரிக்கை 1865-இல் கல்கத்தாவில் தொடங்கியது; அதற்கு முந்தைய ஆண்டு அங்கே பெரும்புயல் அடித்திருந்தது. இந்திய வானிலைத் துறை 1875-இல் வந்தது. அதற்கு முன்பும் நம் மணப்பாட்டில் கடல் தொழில் நடந்ததே! காற்று, நீவாடு, பறவை இவற்றைப் பார்த்துத்தான் போனார்கள்.

என் அப்பா வள்ளம் தள்ளுமுன் ஆலாவைத் தேடுவார். கடல்மேல் கூட்டமாக வட்டமிட்டுப் பாய்ந்தால் அங்கே மீன்பாடு உண்டு. கூட்டமாகக் கரையில் ஒதுங்கி நின்றால் அன்று தொழிலுக்குப் போகமாட்டார்.

இதில் மாயம் இல்லை. ஆலா மேலிருந்து மீனைக் கண்டு பாய்ந்து பிடிக்கும் பறவை. காற்று மிஞ்சிக் கடல் கலங்கினால் இரை எடுப்பது சிரமம்; கரைக்கு வந்துவிடும். ஆக, அது சொல்வது இப்போது வீசும் காற்றை. மூன்று நாள் கழித்து வரும் புயலை அல்ல.

காலையில் போய் மாலையில் திரும்பிய அப்பாவுக்கு அது போதும். இன்று நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறார்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் அப்படிப் போயிருந்த குமரி மாவட்டத்தார் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. கரையில் ஏற்றும் கூண்டு ஆழ்கடலில் இருப்பவன் கண்ணுக்கு எட்டுமா?

கடலுக்குப் போகும் என் பிள்ளைகளே, மீனுக்கு ஆலாவைப் பாருங்கள். புயலுக்கு வானிலை அறிக்கையைக் கேளுங்கள். வயர்லெஸ் இல்லாமல் ஆழ்கடல் போகாதீர்கள்.