ரோமின் வாடகைக் கிடங்குகள்

பண்டைய ரோமில் தானியம், எண்ணெய், மது, நறுமணப் பொருள்கள் முதலியவற்றைச் சேமித்து வைத்த கட்டடங்கள் ஹோரியா (ஒருமையில் ஹோரியம்) எனப்பட்டன. இவற்றுள் அரசின் களஞ்சியங்கள் போக, பொதுமக்கள் தங்கள் உடைமைகளை வைத்துப் பூட்டிக்கொள்ள வாடகைக்கு விடப்பட்ட கிடங்குகளும் இருந்தன. இன்றைய பெருநகரங்களில் மாத வாடகைக்குக் கிடைக்கும் சேமிப்பு அறைகளுக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்ச்சி இல்லை. எனினும் இரண்டிலும் எழும் சிக்கல்கள் ஒன்றே. பொருள் தொலைந்தால் யார் பொறுப்பு, வாடகை தராதவரின் பொருள் என்னவாகும் என்ற கேள்விகளுக்கு ரோமச் சட்டம் விடை வகுத்திருந்தது.

தேவை எழுந்த சூழல்

ரோம் நகர மக்களில் பெரும்பாலோர் பல மாடிக் குடியிருப்புகளில் நெருக்கமாக வாழ்ந்தனர். மரம் மிகுதியாகப் பயன்பட்ட அக்கட்டடங்களில் தீ விபத்து அடிக்கடி நேர்ந்தது. கி.பி. 64-இல் ஏற்பட்ட பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்தது. விலையுயர்ந்த பொருளை வீட்டில் வைத்திருப்பது பாதுகாப்பானதாக இல்லை. எனவே வணிகர்கள் மட்டுமன்றிப் பிறரும் கிடங்குகளை நாடினர். மக்கள் தம் செல்வத்தில் மிக மதிப்புள்ள பகுதியை வைக்கும் இடம் கிடங்கு என்று சட்ட அறிஞர் பவுலுஸ் குறிப்பிடுகிறார்.

கட்டட அமைப்பு

டைபர் ஆற்றங்கரையில், டெஸ்டாச்சியோ குன்றின் அருகே இருந்த கல்பா கிடங்குகள் புகழ்பெற்றவை. மூன்று நீண்ட முற்றங்களும் அவற்றைச் சுற்றி வரிசை வரிசையாக அறைகளும் அங்கு இருந்தன. துறைமுக நகரான ஓஸ்டியாவில், 2-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த எபகாதுஸ், எபஃப்ரோடிதுஸ் ஆகியோரின் கிடங்கு இன்றும் நிற்கிறது. அதன் வாயில் வளைவில் உரிமையாளர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

பேரரசர் டொமிஷியன் காலத்தில் ரோமின் மையப் பகுதியில் மிளகுக் கிடங்கு ஒன்று கட்டப்பட்டது. சேர நாட்டு முசிறித் துறையிலிருந்து கப்பலேறிய மிளகு ரோமப் பேரரசின் முக்கியமான இறக்குமதிகளுள் ஒன்றாகும். பிற்காலத்தில் அக்கிடங்கு இருந்த இடத்தில் மேக்சென்ஷியஸ் மண்டபம் எழுந்தது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தலும் ஒப்பந்தமும்

எல்லோருக்கும் முழு அறை தேவைப்படவில்லை. தனி அறை, நிலைப்பேழை, நிலைப்பேழை வைக்கும் இடம், இரு தூண்களுக்கு இடைப்பட்ட இடம் எனப் பலவகையாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அவரவர் தேவைக்கும் வசதிக்கும் ஏற்ப இடத்தைத் தேர்ந்துகொள்ள முடிந்தது.

கிடங்கு விதிகள் பளிங்குக் கல்லில் பொறித்து வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டுக்கான இடம் பற்றி டிசம்பர் 13-க்கு முன்பே தெரிவிக்க வேண்டும்.  உள்ளே கொண்டுவந்த பொருள்கள் அனைத்தும் வாடகைக்கு ஈடாகக் கருதப்பட்டன.

பொறுப்பு

கொள்ளையர் உடைத்துப் புகுந்தாலோ, தடுக்க இயலாத பேரிடர் நேர்ந்தாலோ கிடங்கு உரிமையாளர் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று பேரரசர் கராகல்லா ஆணையிட்டார். கட்டடம் சேதமின்றி இருக்க உள்ளிருந்த பொருள் காணாமற்போனால் அவர் ஈடுசெய்ய வேண்டும்.

அகஸ்டஸ் காலத்துச் சட்ட அறிஞர் லபேயோ ஆராய்ந்த ஒரு வழக்கு சுவையானது. பொன், வெள்ளி, முத்து ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்பதில்லை என்று ஓர் உரிமையாளர் அறிவிப்பு வைத்திருந்தார். பின்னர் அப்பொருள்கள் உள்ளே வருவதைத் தெரிந்தே அனுமதித்தார். அப்படி அனுமதித்ததால் அறிவிப்பு கைவிடப்பட்டதாகவே கொள்ள வேண்டும், அவரே பொறுப்பு என்றார் லபேயோ.

வாடகைதாரர் வராவிட்டால்

வாடகைதாரர் இறந்திருக்கலாம், கடலில் மாட்டியிருக்கலாம், நோயுற்றிருக்கலாம். அவர் நெடுநாள் வராமலும் வாடகை செலுத்தாமலும் இருந்தால், பொது அதிகாரிகளை அணுகி அறையைத் திறந்து உள்ளிருப்பவற்றைப் பட்டியலிட உரிமையாளருக்கு வழியிருந்தது. ஆனால் அதற்கு 2 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்கிறார் பவுலுஸ். இவ்விதி கி.பி. 533-இல் வெளியான ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. இதன்மூலம் உரிமையாளரின் வாடகை உரிமையும், இல்லாதவரின் உடைமையும் ஒருசேரக் காக்கப்பட்டன.

இக்காலத்தில்

1960-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பரவத் தொடங்கிய சேமிப்பு அறைத் தொழிலிலும் பொருளே வாடகைக்கு ஈடு. ஆனால் காத்திருக்கும் காலம் பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ மட்டுமே. அதன்பின் பொருள் ஏலம் போகும். 2007-இல் சிகாகோவில் வாடகை பாக்கிக்காக ஏலம் விடப்பட்ட பெட்டிகளில், குழந்தை பராமரிப்புப் பணியாளராக வாழ்ந்த விவியன் மேயர் எடுத்த ஒளிப்படச் சுருள்கள் இருந்தன. அவரது படங்கள் உலகப் புகழ்பெற்றது 2009-இல் அவர் இறந்த பின்னரே. வாடகை அறையைத் தேர்ந்தெடுப்பவர் அதன் அளவையும் வாடகையையும் மட்டுமன்றி, தாம் வர இயலாமற்போனால் எத்தனை நாள் காத்திருப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது.