அவர்மெக்டின்

அவர்மெக்டின் என்பது ஸ்ட்ரெப்டோமைசிஸ் அவர்மிட்டிலிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியா உருவாக்கும் எட்டு நெருங்கிய வேதிச் சேர்மங்களைக் கொண்ட குழு ஆகும். இவை உருளைப்புழுக்களையும், பூச்சி, உண்ணி முதலிய கணுக்காலிகளையும் அழிக்கவல்லவை. இவற்றிலிருந்து ஆக்கப்பட்ட ஐவர்மெக்டின் என்னும் மருந்து, ஆற்றுக்குருடு, யானைக்கால் ஆகிய நோய்களைக் கட்டுப்படுத்தப் பயன்படுகின்றது. இயற்கையில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து மருந்துகள் கண்டறியப்படும் முறைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் பலவகை வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன. 1943 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் சாட்ஸ், ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் காசநோய் மருந்தை இத்தகைய ஒரு பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்தார். அதன்பின் உலகெங்கும் மண் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன.

வழமையான முறையில், மண் நீரில் கரைக்கப்பட்டு, அகார் தட்டில் பரப்பப்படும். தட்டில் தோன்றும் நுண்ணுயிர்க் குடியிருப்புகள் தனித்தனியே பிரித்து வளர்க்கப்படும். பின்னர், அவற்றின் வளர்ப்பு நீர்மம் நோய்க்கிருமிகளைக் கொல்கின்றதா எனச் சோதிக்கப்படும். பாக்டீரியாவையோ பூஞ்சையையோ கொல்லாத பொருள் எதுவும் இச்சோதனையில் புலப்படுவதில்லை.

கண்டுபிடிப்பு

சப்பானின் கிட்டசாட்டோ ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த சத்தோசி ஓமுரா, ஷிசுவோக்கா மாநிலத்தின் இட்டோ நகரில், ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணிலிருந்து இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தார். பல்லாயிரம் வளர்ப்புகளிலிருந்து அவர் தெரிவு செய்த சுமார் 50 வளர்ப்புகளுள் இதுவும் ஒன்று. இது 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெர்க் நிறுவன ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது.

அங்கு வில்லியம் கேம்ப்பெல் குழுவினர், குடற்புழுத் தொற்றுடைய சுண்டெலிகளுக்கு வளர்ப்பு நீர்மத்தை உணவுடன் கொடுத்தனர். புழு அழிகின்றதா, எலிக்குத் தீங்கு நேர்கின்றதா என்னும் இரண்டையும் இச்சோதனை ஒருங்கே காட்டியது. அவர்மெக்டின்கள் பொதுவான பாக்டீரியாக்களையோ பூஞ்சைகளையோ தடுப்பதில்லை. எனவே தட்டுச் சோதனை மட்டும் செய்யப்பட்டிருந்தால் இவை கவனிக்கப்படாமலே போயிருக்கும்.

அவர்மெக்டின் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் 1979 இல் வெளியாயின. அதன் மூலக்கூறைச் சிறிது மாற்றி உருவாக்கப்பட்ட ஐவர்மெக்டின், 1981 முதல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஓமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் 2015 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதி வழங்கப்பட்டது. மறுபாதி, மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினைக் கண்டறிந்த சீன அறிவியலாளர் தூ யூயூவுக்குக் கிடைத்தது.

செயற்படும் விதம்

புழுக்கள், பூச்சிகள் ஆகியவற்றின் நரம்பு, தசை உயிரணுக்களில் குளுட்டமேட்டினால் திறக்கும் குளோரைடு அயனி வாய்க்கால்கள் உள்ளன. ஐவர்மெக்டின் இவற்றைத் திறந்த நிலையிலேயே வைத்திருப்பதால் உயிரி செயலிழந்து இறக்கின்றது. பாலூட்டிகளில் இவ்வாய்க்கால்கள் இல்லை.

பயன்பாடு

ஆற்றுக்குருடு நோய், வேகமாக ஓடும் ஆறுகளில் பெருகும் கறுப்பு ஈக்களால் பரவுகின்றது. ஐவர்மெக்டின் இந்நோய்ப் புழுவின் இளம் பருவத்தை அழிக்கும். முதிர்ந்த புழுவை எளிதில் கொல்லாது. முதிர்ந்த புழு பல ஆண்டுகள் வாழ்வதால், ஊர் மக்கள் அனைவருக்கும் ஆண்டுதோறும் மருந்து தொடர்ந்து வழங்கப்பட வேண்டும். இதற்கென 1987 இல் மெர்க் நிறுவனம் மருந்தை இலவசமாக வழங்க முன்வந்தது. 2013 இல் கொலம்பியா, இந்நோயை ஒழித்ததாக உலக சுகாதார அமைப்பு உறுதி செய்த முதல் நாடானது. 2025 இல் நைசர் இந்நிலையை எட்டிய முதல் ஆப்பிரிக்க நாடானது.

யானைக்கால் நோய்க்கு ஐவர்மெக்டினை வேறு இரு மருந்துகளுடன் சேர்த்து வழங்கும் முறையை 2017 இல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. இம்முறை 2018 முதல் இந்தியாவின் சில மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. சொறி சிரங்குக்கும் இம்மருந்து பயன்படுகின்றது. கோவிட்-19 நோய்க்கு இது பரவலாக உட்கொள்ளப்பட்டபோதிலும், பெரிய மருத்துவச் சோதனைகளில் பயன் எதுவும் தென்படவில்லை.

மரபணுத்தொகுதி

இப்பாக்டீரியாவின் முழு மரபணுத்தொகுதி 2003 இல் வெளியிடப்பட்டது. சுமார் 90 இலட்சம் இணைகளைக் கொண்ட இதில், அவர்மெக்டின் போன்ற சேர்மங்களை ஆக்கும் மரபணுக் கொத்துகள் சுமார் 30 இனங்காணப்பட்டன. ஆய்வக வளர்ப்பில் ஒரு நுண்ணுயிர் வெளிப்படுத்தும் பொருட்களைவிட அது உருவாக்கக்கூடியவை மிகுதி என்பதை இது உணர்த்துகின்றது. இத்தகைய மரபணுக்களைச் செயற்படச் செய்து புதிய மருந்துகளைத் தேடுவது இத்துறையின் முக்கிய ஆய்வுப் பணிகளுள் ஒன்றாகும்.